மின்தடையும் மனைக் காப்பும்

தனித்து இயங்குவன பழுதுபடின் அக்கேடு அவற்றோடு ஒழியும். ஒன்றோடொன்று பிணைந்து இயங்குவனவற்றுள் ஒன்று பழுதுபடினோ, அக்கேடு ஏனையவற்றையும் சென்று பற்றும். எமது நாட்டின் மின்வலையமைப்பு பின்னைய வகையினது.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிறு முற்பகலில் இலங்கை முழுவதும் மின் அற்றுப்போயிற்று. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த பழுதே தொடக்கமென அமைச்சர் அறிவித்தார். சிறு பழுது நாடளாவிய கேடானது எங்ஙனம்? மின்னின் ஆக்கமும் நுகர்வும் எக்கணமும் சமமாயிருத்தல் வேண்டும். அன்றேல் செக்கனுக்கு 50 சுற்று என்னும் மீடிறன் நிலைகுலையும். பெருஞ்சுழலிகள் தம் சடத்துவத்தால் அக்குலைவை எதிர்ப்பன. அன்று விடுமுறையாதலின் நுகர்வு குறைந்திருந்தது. சூரிய மின்னாக்கம் மிகுந்து, பெருஞ்சுழலிகளின் பங்கு சுருங்கியிருந்தது. ஆதலின் அதிர்ச்சியைத் தாங்கமாட்டாது, தம்மைக் காக்கும்பொருட்டுப் பொறிகள் தொடர்பறுத்து விலகின. சில மணி நேரத்தில் மின் மீண்டதாயினும், நுரைச்சோலைப் பொறிகளை மீள இயக்கச் சில நாட்கள் சென்றன. அந்நாட்களில் முறைவைத்து மின்வெட்டும் நிகழ்ந்தது.

இனி எம் மனைகளை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லிடைத் தங்கிய நீரே எமக்கு உயிர். முன்னோர் துலா மிதித்து நீர் இறைத்தனர். யாம் மின்பம்பியால் மேல்நிலைத் தொட்டியை நிரப்புகின்றோம். மின் நிற்பின் குழாயும் நிற்கும். வாளியும் கயிறும் இல்லாத மனையில், கிணறு நிறைந்திருந்தும் நீர் இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

மின்பிறப்பாக்கி உண்டெனச் சிலர் அமைவர். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்டது. எரிபொருட் பஞ்சமே அதற்குக் காரணம். மின் இல்லாத அந்நாளிலேயே பிறப்பாக்கிக்கு ஊற்ற எண்ணெயும் அரிதாயிற்று. எனவே, எது தவறுமென்று அஞ்சுகின்றோமோ, அதனையே தானும் சார்ந்து நிற்பது மாற்றுவழி ஆகாது. இதுவே இப்பொருளில் யாம் உணரத்தக்க விதி.

அவ்விதிப்படி செய்யத்தக்கன சில. கிணற்றடியில் கப்பியும் கயிறும் வாளியும் என்றும் இருத்தல் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் என்பது இடருதவியாளர் கொள்ளும் அளவு. நால்வர் மூன்று நாள் வாழ 180 லீற்றர் வேண்டும். உலர்மின்கல வானொலியும் கைவிளக்கும் வேண்டும். கைத்தொலைபேசியும் அடங்கிவிடுமாதலின், வேண்டிய இலக்கங்களைத் தாளில் எழுதி வைத்தல் நன்று. இன்சுலின் மருந்தைக் குளிரூட்டி இல்லாவிடத்து, நனைத்த மண்பானைக்குள் நீர் படாமல் வைக்கலாம். பிறப்பாக்கியை வீட்டினுள் இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமின்றிக் கொல்லும்.

எம் பழைய மாணவருட் பலர் பிற தேசங்களில் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோர் இங்கே தனித்திருக்கின்றனர். எண்பது வயதினர் வாளியால் நீர் அள்ளமாட்டார். பம்பியும் தொட்டியும் அமைத்துக் கொடுத்த பிள்ளைகள், மின் நின்ற நாளில் அவர்க்கு நீர் அள்ளித்தரும் அயலவர் யாரென்பதையும் இன்றே பேசி முடிவு செய்தல் கடனாகும்.