சர்க்கரை தன்னைக் காட்டிக்கொள்ளும் விதங்கள்

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை, நாக்பூர் அஜ்னி ரயில்வே காலனி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கம் படித்த பிறகுதான் மூக்கின் மேல் கண்ணாடி இல்லை என்பது தெரிந்தது. அப்போது எனக்கு வயது 53. எட்டு வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம்கூடப் படிக்க முடியாதவன் நான். மனைவியைக் கூப்பிட்டு, "முருங்கைக்கீரை வேலை செய்கிறது பார்" என்றேன். ஆபீசிலும் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் டிராலியில் லைன் பார்க்கப் போனபோது பெருமை கொஞ்சம் குறைந்தது. கிலோமீட்டர் கல்லில் எழுதியிருப்பது தெரியவில்லை. டிராலிமேன்தான் படித்துச் சொன்னான். வயதாகிறது, தூரப்பார்வை போகிறது என்று நினைத்து சீதாபர்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி போட்டேன். மூன்றே வாரத்தில் அதுவும் சரியில்லை. கடைக்காரர் சரியாகப் பார்க்கவில்லை என்று சண்டை போடும் எண்ணத்தோடு திரும்பப் போனேன். அந்தப் பெரியவர் மராத்திக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாஹேப், இன்னொரு கண்ணாடி விற்றால் எனக்கு லாபம்தான். ஆனால் முதலில் ஷுகர் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.

வெறும் வயிற்றில் 212. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 338. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 10.4. டாக்டர் என்னைப் பார்க்காமல் காகிதத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ரத்தத்தில் ஏறும் சர்க்கரை கண்ணுக்குள் இருக்கும் லென்சுக்குள்ளும் சேர்கிறது. சேர்ந்த இடத்துக்குத் தண்ணீரை இழுக்கிறது. லென்ஸ் உப்பி அதன் வளைவு மாறுகிறது. அதனால் கிட்டத்தில் இருப்பது தெளிவாகவும் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரிகிறது. மாத்திரை ஆரம்பித்துச் சர்க்கரை இறங்கும்போது இது தலைகீழாக நடக்கும். சில வாரங்களுக்குப் படிப்பது முன்னைவிடச் சிரமமாக இருக்கும். பலர் இதைக் கண்டு பயந்து, மாத்திரைதான் கண்ணைக் கெடுத்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து ஒன்றரை மாதமாவது ஆன பிறகுதான் புதுக் கண்ணாடி வாங்க வேண்டும். அதற்கு முன் வாங்குவது வீண் செலவு.

இங்கே ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் எங்களைப் போன்றவர்களுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்கு முந்திய மூன்று நாளும் நான் இனிப்பைத் தொடமாட்டேன், ராத்திரிச் சாப்பாடு கிடையாது, விடியற்காலையில் நடை. பலரும் இப்படித்தான் செய்வார்கள். மேற்பார்வையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பெரும்பாலோருக்குச் சிறுநீரில் இறங்கும். பட்டினி கிடந்த காலைச் சிறுநீரில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 2010-இல் நான் "பாஸ்" செய்தது அப்படித்தான். யாரை ஏமாற்றினேன் என்பதை 2012-இல் தெரிந்துகொண்டேன். ஹெச்.பி.ஏ.1சி இந்தத் தந்திரத்துக்கு மசியாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை மூன்று நாள் பட்டினியில் கழன்று போய்விடாது.

என் அம்மாவுக்கு இந்த வியாதி இருப்பது 1979-இல் எறும்பால் தெரிந்தது. ஊரில் கொல்லைப்புறத்தில் ஓர் இடத்தில் மட்டும் எறும்பு சாரி சாரியாக மொய்ப்பதைப் பார்த்துப் பாட்டி சொன்னாள். ஆயுர்வேதக்காரர்கள் இதை மிகப் பழங்காலத்திலேயே கவனித்து மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். இனிப்பாக இருப்பது சர்க்கரைதான் என்று இங்கிலாந்தில் மாத்யூ டாப்சன் என்ற மருத்துவர் 1776-இல் காட்டினார். இப்போது நகரத்து வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதால் எறும்புக்கு அந்த வேலையும் போய்விட்டது.

தாகம், அடிக்கடி சிறுநீர், பசி என்ற மூன்றும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மே மாதம் 45 டிகிரி அடிக்கும் ஊரில் தாகத்தை யார் வியாதி என்று நினைப்பார்கள்? நானும் பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கத் தவறினேன். வெயிலில் குடிக்கும் தண்ணீர் வியர்வையாகப் போகும், சிறுநீர் குறையும். குடிப்பதும் கூடி, இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போவதும் கூடினால் வெயிலின் மேல் பழி போட முடியாது. சர்க்கரை சிறுநீரில் வெளியேறும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் வருவதே அந்தத் தாகம். அதைச் சந்தரா ஜூஸால் தணிக்கப் பார்த்தது என் புத்திசாலித்தனம்.

நிற்க. எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற கார்டு ஒருவர் இருந்தார். ஒரு மே மாதம் மத்தியானம் கோயிலிலிருந்து வீடு திரும்பியவரைப் பேரன் கேட்டான், "தாத்தா, ஒரு செருப்பு எங்கே?" குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பே இல்லை. கொதிக்கும் தார் ரோட்டில் எங்கிருந்து வெறுங்காலோடு வந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், வலி மட்டும் இல்லை. அதற்குப் பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. உடம்பில் மிக நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை, முதலில் கெடுபவையும் அவைதான். செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பதை நம் ஊர் டாக்டர்கள் ஓர் அறிகுறியாகவே கேட்பார்கள். பஞ்சு மேல் நடப்பது போலிருக்கிறதா, இரவில் பாதம் எரிகிறதா என்றும் கேட்பார்கள். நண்பருக்கு அந்தக் கொப்புளம் புண்ணாகி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு நண்பர் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு போனார். முந்தின நாள் சோதனையில் 290. ஆபரேஷன் தள்ளிப்போனது, வீட்டுக்கு மாத்திரையோடு வந்தார். பல் டாக்டரிடம் தெரியவருவதும் உண்டு. ஈறு வீங்கி, சீழ் வைத்து, சொத்தை இல்லாத பல் ஆடினால் அனுபவமுள்ள பல் டாக்டர் சர்க்கரை பார்த்தீர்களா என்றுதான் கேட்பார். காசநோய்க்கு மருந்து எடுக்க வருகிறவர்களுக்கு இப்போது சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஒன்று இருந்தால் மற்றது வரும் வாய்ப்பு கூடுதல். 2021-இல் கோவிட் சமயத்தில் கறுப்புப் பூஞ்சை என்று கேட்டோமே, அதில் சிக்கியவர்களில் தனக்குச் சர்க்கரை இருப்பதே அதுவரை தெரியாதவர்கள் பலர். ஸ்டீராய்ட் மருந்து மறைந்திருக்கும் சர்க்கரையை மேலே கொண்டுவந்துவிடும்.

பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் திரும்பத் திரும்ப வருவது ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொது. வெட்கத்தால் மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருப்பதை அழுக்கு என்று எண்ணி, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சுரந்தும் அது சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். கர்ப்ப காலத்தில் வந்து பிரசவத்துக்குப் பின் மறைந்த சர்க்கரையும் அப்படித்தான். மறைந்துவிட்டது என்று மறந்துவிடக் கூடாது. பின்னாளில் வரும் வாய்ப்பு அவர்களுக்கு மிக அதிகம். பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் ஒரு முறையும், அதற்குப் பிறகு விடாமலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உடம்பு இளைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த முயற்சியும் இல்லாமல் ஐந்தாறு கிலோ குறைந்தவரைப் பார்த்து நாம் "நன்றாக ஸ்லிம் ஆகிவிட்டீர்களே" என்று பாராட்டுகிறோம். என்னையும் பாராட்டினார்கள்.

ஒரு வலியும் காட்டாமல் இது எப்படி இவ்வளவு நாள் ஒளிந்திருக்கிறது என்று கேட்கலாம். தண்டவாளத்தில் வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல. ரெயிலின் தலைப்பகுதிக்குள் சிறிய விரிசல் ஒன்று தொடங்கும். மேலே சக்கரம் ஓடி ஓடிப் பளபளவென்று இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வைத்துப் பார்த்தாலொழிய கண்ணுக்குத் தெரியாது. ஒரு குளிர்கால விடியலில் ரெயில் சுருங்கி இழுக்கும்போது படாரென்று உடையும். வழவழப்பாக இருக்கிறதே என்று எந்த இன்ஸ்பெக்டரும் சோதனையை விட்டுவிடுவதில்லை. தன் உடம்பென்றால் மட்டும் விட்டுவிடுகிறான். பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முக்கிய முடிவுகளை வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றில், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அன்றைக்கே கண்ணிலோ, நரம்பிலோ, வேறு எங்கோ பாதிப்பு ஆரம்பித்திருந்தது. எனவே "நேற்றுத்தான் வந்தது" என்பதெல்லாம் கிடையாது. கண்டுபிடித்த வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்வதும், காலையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்வதும் அதனால்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அரசாங்கத் திட்டத்தில் 30 வயதானவர்களை எல்லாம் சோதிக்கச் சொல்லியிருப்பது காரணமில்லாமல் அல்ல.

ஊசி குத்துவதற்கு முன் வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்டது. வயது 35 முதல் 49 வரை என்றால் 20 புள்ளி, 50-க்கு மேல் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரிலிருந்து 99 வரை என்றால் 10, நூறும் அதற்கு மேலும் 20. பெண்ணுக்கு 80-இலிருந்து 89 வரை 10, 90-க்கு மேல் 20. உடற்பயிற்சியும் இல்லை, உடல் உழைப்பும் இல்லை என்றால் 30. இரண்டில் ஒன்று இருந்தால் 20. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டினால் 60-ஐ எட்டுகிறவர் உடனே ரத்தம் பார்க்க வேண்டும். 2012-இல் இருந்த எனக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 30, இடுப்பு 96 என்பதால் 10, அம்மாவால் 10. உழைப்புக்கு முதலில் 20 போட்டேன், பிறகு அடித்துவிட்டு 30 எழுதினேன். டிராலியைத் தள்ளுகிறவர் டிராலிமேன், அதில் உட்கார்ந்து போனவன் நான். மொத்தம் 80. டேப்பைத் தொப்புள் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும், பேன்ட் சைஸைச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பரிசோதனை எண்களில் வெறும் வயிற்றில் 126-உம் அதற்கு மேலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200-உம் மேலும், ஹெச்.பி.ஏ.1சி 6.5-உம் மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டுவதில்லை. வேறு நாளிலோ வேறு சோதனையாலோ உறுதி செய்வார்கள். விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்வது லேபில் எடுக்கும் ரத்தம்தான். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஹெச்.பி.ஏ.1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் பலர் இதில் அடக்கம் என்பதால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

விரல் மெஷின் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. 2012-இலேயே என் வீட்டு அலமாரியில் அந்த மெஷின் வந்துவிட்டது. 2017 தை மாதத்தில் மனைவி, "என்னங்க, வலது கை மேலே போகவே மாட்டேங்குது" என்றாள். பின்னலும் போட முடியவில்லை, பரணிலிருந்து டப்பாவும் எடுக்க முடியவில்லை. தைலம், ஒத்தடம், பிசியோதெரபி என்று ஐந்து மாதம் போனது. தோள்பட்டை இறுகிப்போவதும் சர்க்கரையோடு வரும் ஒன்று என்று எலும்பு டாக்டர் சொன்ன அன்றுதான் பார்த்தோம். வெறும் வயிற்றில் 168. ஐந்து வருஷம் தினமும் காலையில் அவள் கொடுத்த காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் விரலை மட்டும் குத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது "உன் கையைக் கொடு" என்று கேட்கத் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு, அவள் அப்பாவுக்கும் இந்த வியாதி இருந்தது.

தோள் சரியாக ஒன்றரை வருஷம் ஆயிற்று. இப்போது பின்னல் போட்டுக்கொள்கிறாள்.

பூனாவில் இருக்கும் பெரிய பையனுக்கு 36 வயது. தாய் தந்தை இருவர் கணக்கிலும் அவனுக்கு 20 புள்ளி, வயதுக்கு 20, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த வேலைக்கு 30. இடுப்பை அளக்காமலேயே 70 வந்துவிடுகிறது. "எனக்கு ஒன்றுமே இல்லைப்பா, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டான். போன தீபாவளிக்கு வந்தவனை லேபுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் 118. வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் நூறைத் தாண்டியாகிவிட்டது. குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனைக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறான். மருமகளையும் கூட அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.