‘பிரேக் பிடிக்கலை’ என்றால் வழக்கு முடிந்துவிடாது
பராமரிப்பில்லாத லாரியால் விபத்தா? பாதிக்கப்பட்ட குடும்பம் செய்ய வேண்டியவை

லாரி மோதி உயிர் போன செய்திகளில் அடிக்கடி வரும் வரி இது: "பிரேக் பிடிக்காததால் லாரி கட்டுப்பாட்டை இழந்தது." படிப்பவருக்கு இது தலைவிதி போலத் தோன்றும். பறிகொடுத்த குடும்பமும் ‘வண்டி கெட்டதற்கு யாரைப் போய்க் கேட்பது’ என்று ஒதுங்கிவிடும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பராமரிக்காத வண்டியை ரோட்டுக்கு அனுப்பியவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்கான ஆதாரம் பெரும்பாலும் அந்த லாரியிலேயே இருக்கிறது. லாரி காவல் நிலையத்திலிருந்து பட்டறைக்குப் போய்விட்டால் ஆதாரமும் போய்விடும். அதனால் முதல் சில நாட்கள் மிக முக்கியம்.

1. யார் பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் தகவல் அறிக்கையில் வழக்கமாக டிரைவர் பெயர் மட்டும் இருக்கும். இழப்பீட்டுப் பொறுப்பு அவரோடு நிற்பதில்லை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் உள்ள உரிமையாளரும், அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு. "வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன்" என்று உரிமையாளர் நழுவ முடியாது. பெயர் மாற்றாதவரை ஆர்.சி.யில் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

"திடீர் கோளாறு, எங்கள் கையில் எதுவும் இல்லை" என்பது அடுத்த வாதம். கோளாறு கண்ணுக்குப் படாமல் இருந்தது, போதிய கவனத்தோடு பராமரித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதை உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். 1977-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. டயர் வெடித்ததைக் கடவுளின் செயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2023-ல் ஒரு கார் விபத்து வழக்கில் கூறியது. காற்று குறைவாக இருப்பது, அளவுக்கு மீறிய வேகம், பழைய டயர் என டயர் வெடிப்பதற்கு மனிதக் காரணங்கள் பல உண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரியக்கூடிய ஆபத்தான கோளாறோடு வண்டியை ஓட்டுவது மட்டுமல்ல, ஓட்ட அனுமதிப்பதும் குற்றம். அதனால் விபத்து நடந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவையும் வழக்கில் சேர்க்கும்படி காவல் ஆய்வாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஓட்ட அனுமதித்தவரையும் இந்தப் பிரிவு தொடுகிறது என்பதால் அந்தக் கடிதம் முக்கியம்.

2. லாரியைப் படம் எடுங்கள்

காயம்பட்டவரை ஒருவர் கவனிக்கட்டும். இன்னொருவர் லாரியைக் கவனிக்கட்டும். நம்பர் பிளேட் தெரிய முழு வண்டியை ஒரு படம், பிறகு கிட்டத்தில் இவை:

• ஒவ்வொரு டயரும்: பட்டன் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறதா, உள்ளே நூல் தெரிகிறதா, ரீட்ரெட் செய்த ரப்பர் உரிந்து தொங்குகிறதா. லாரி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி.
• சக்கரத்தின் உள்பக்கம்: எண்ணெய்க் கசிவு, கழன்ற நட்டு, அறுந்த ஏர் ஹோஸ்.
• பின்பக்கம்: டெயில் லைட் எரிகிறதா, சிவப்பு ஒளிர் பட்டை இருக்கிறதா. இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் மோதி இறப்பதும் பராமரிப்பில்லாததால் வரும் சாவுதான்.
• சாலை: டயர் தேய்த்த தடம் இருக்கிறதா, இல்லையா.
• சரக்கு: எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்பது.

3. ஆய்வு அறிக்கையை விடாதீர்கள்

விபத்தில் சிக்கிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்து அறிக்கை தருவார். "இயந்திரக் கோளாறு காரணமல்ல" என்று அதில் ஒரு வரி வந்துவிட்டால், பராமரிப்பைப் பற்றிய உங்கள் வாதம் பாதி வலுவிழந்துவிடும். அதனால் சோதனைக்கு முன்பே காவல் ஆய்வாளருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிரேக் லைனிங்கின் கனம், டிரம், ஸ்லாக் அட்ஜஸ்டர், ஏர் டேங்க், ஸ்டியரிங் இணைப்புகள், டயர், விளக்கு ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்துப் படத்தோடு பதிவு செய்யும்படி அதில் கேளுங்கள். நொறுங்கிய லாரியை ஓட்டிப் பார்த்து பிரேக்கைச் சோதிக்க முடியாது. அப்படியானால் எப்படிச் சோதித்தார்கள் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் ஏன்? ஏர் பிரேக் பெரும்பாலும் ஒரே நொடியில் கெடுவதில்லை. லைனிங் நாள் கணக்கில் தேய்கிறது. தேயத் தேய, இடைவெளியைச் சரிக்கட்டும் ஸ்லாக் அட்ஜஸ்டர் சரியாக இல்லாவிட்டால், பெடலை மிதித்தாலும் லைனிங் டிரம்மை இறுக்கிப் பிடிக்காது. தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில், கூடுதல் லோடோடு, மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்துப் பிரேக் கைவிட்டுவிடும். காற்றழுத்தம் குறைந்தால் டிரைவருக்கு முன்னாலேயே எச்சரிக்கை வரும். ஆக, ‘திடீரென்று’ என்ற சொல்லை லைனிங்கின் கனம் ஒன்றே பொய்யாக்கிவிடலாம்.

4. எஃப்.சி.யைப் பாருங்கள், அதோடு நிற்காதீர்கள்

வண்டி எண்ணை வைத்து எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு ஆகியவற்றின் தேதிகளைப் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். எட்டு வயது வரையுள்ள லாரிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும்.

எஃப்.சி. காலாவதியாகியிருந்தால் உரிமையாளரின் அலட்சியத்துக்கு அதுவே சான்று. காப்பீட்டு நிறுவனம் அதைக் காட்டி விலகப் பார்க்கும். பல வழக்குகளில் ‘முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்றே உத்தரவாகியிருக்கிறது. எஃப்.சி. நடப்பில் இருந்தாலும் மனம் தளர வேண்டாம். சோதித்த அன்று வண்டி எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். அதன் பிறகு பராமரித்தார்களா என்பது வேறு கேள்வி.

5. ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்யுங்கள்

விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் காவல்துறை மோட்டார் வாகன விபத்து கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதி. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் கெடு. கெடு தாண்டியிருந்தாலும் நீங்களாகவே கைவிடாமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

மனுவில் "அதிவேகமாக, அஜாக்கிரதையாக ஓட்டினார்" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். "முறையாகப் பராமரிக்காத வண்டியை உரிமையாளர் ஓட்டவிட்டார்" என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் பில், டயர் வாங்கிய பில், எடைமேடைச் சீட்டு, ஜி.பி.எஸ். பதிவு ஆகியவற்றை உரிமையாளர் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அவர் வாதம் ஆட்டம் காணும். தேவைப்பட்டால் மோட்டார் வாகன ஆய்வாளரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்து விசாரிக்கலாம்.

6. தொகையைக் கணக்கிடுங்கள்

மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த, 35 வயது சுயதொழிலாளி இறந்துவிட்டார், அவரை நம்பி நால்வர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 28,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கு எண் 16, ஆகவே 40,32,000 ரூபாய். இறுதிச் சடங்கு, துணையை இழந்தது போன்ற தலைப்புகளில் வருவது தனி. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த கணக்கு இது. ஆறுதல் சொல்ல வருகிறவர் நீட்டும் சமரச முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும் முன் இந்தத் தொகையை நினைத்துப் பாருங்கள்.

தவறை நிரூபிக்கும் நிலையில் இல்லாதவர்களுக்கு 164-வது பிரிவு இருக்கிறது. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம்.

7. டிரைவர், கிளீனர் குடும்பங்களுக்கு

கெட்ட பிரேக்குக்கு முதல் பலி பல நேரம் கேபினில் இருப்பவர்தான். பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-க்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ன்படி, வேலையின்போது டிரைவரோ கிளீனரோ இறந்தால், முதலாளியின் தவறை நிரூபிக்காமலேயே இழப்பீடு கேட்கலாம். இந்தச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றில்தான் இழப்பீடு பெற முடியும். எது லாபம் என்று கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டிரைவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிரேக் சரியில்லை, டயர் தேய்ந்துவிட்டது என்று முதலாளியிடம் வாயால் சொல்வதோடு விடாமல் வாட்ஸ்அப்பிலும் படத்தோடு அனுப்பி வையுங்கள். நாளை பழி உங்கள் தலையில் விழாமல் காப்பது அந்தச் செய்திதான்.

8. வழக்கறிஞருக்கு வழியில்லை என்றால்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று வழக்கறிஞர் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. கட்டணத்தை முன்னதாகவே பேசி எழுதி வாங்குங்கள்.

லாரி உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. லைனிங் மாற்ற ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு லோடு போகும், அவ்வளவுதான். மாற்றாமல் விட்டு ஒரு உயிர் போனால், அது உங்கள் பொறுப்பு என்று சட்டம் சொல்லும். அடுத்த லோடு ஏற்றும் முன் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.