சீலிங்குக்கு மேலே யாரும் குடியில்லை
இளம் ஒளியமைப்பாளர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

காரைக்குடி பக்கம் நீ விளக்கமைத்த வீட்டைப் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். கூடவே அச்சாகியிருந்த சீலிங் வரைபடத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். அதனால் ஒரு சாயங்காலம் நேரிலும் போய், விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து அவர்கள் படுக்கப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். லூமன், லக்ஸ், கெல்வின் எதையும் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். என்னை உறுத்தியவை இரண்டு. அவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, ஹாலில் மின்விசிறியைச் சுற்றி நீ பதித்திருக்கும் நான்கு டவுன்லைட். வரைபடத்தில் கோலப்புள்ளி வைத்ததுபோல் அழகாக இருக்கிறது. நடுவில் விசிறி, நாலு மூலைக்கும் ஒரு வட்டம். ஆனால் 1200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை மையத்திலிருந்து இரண்டடி எட்டும். உன் விளக்குகள் மையத்திலிருந்து ஒன்றரை அடியில் இருக்கின்றன. ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் இறக்கை வெட்டிக்கொண்டே சுற்றுகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொள். மூன்று இறக்கை. நொடிக்கு 15 தடவை வெளிச்சம் அறுந்து அறுந்து விழுகிறது. மின்சாரத்தால் வரும் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. 15 ஹெர்ட்ஸ் துடிப்பு நன்றாகத் தெரியும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களையும் சிலவகை வலிப்பு உள்ளவர்களையும் அதிகம் தொந்தரவு செய்வது ஏறக்குறைய இந்த வேகம்தான்.

அந்த வீட்டு அம்மா நாளிதழைக் கையில் எடுத்தார்; எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார்; வேர்க்க வேர்க்கப் படித்தார். ஏனம்மா என்று கேட்டேன். “படிக்கும்போது கண்ணு ஆடுதுங்க, டாக்டரைப் பார்க்கணும்” என்றார். விளக்கின் கோளாறைத் தன் கண்ணின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

நாம் பார்த்துக் கற்கிற படங்கள் பெரும்பாலும் விசிறி இல்லாத ஊர்களிலிருந்து வருகிறவை. அங்கே சீலிங் முழுவதும் விளக்குக்குச் சொந்தம். நம் ஊரில் சீலிங்கின் முதல் உரிமை விசிறிக்கு. முதலில் அதை வரை. இறக்கை வட்டத்துக்கு வெளியே இன்னும் ஓரடி விடு. அதற்கப்புறம்தான் விளக்குக்கு இடம் தேட வேண்டும். அகலமாக ஒளி பரப்பும் பேனல் விளக்கென்றால் அந்த ஓரடியும் போதாது. இதை எந்தப் பாடப்புத்தகமும் உனக்குச் சொல்லியிருக்காது. ஆனால் நீ வளர்ந்த வீட்டில் விசிறிக்கடியில் படுத்துத்தானே தூங்கியிருப்பாய்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. கட்டுரையில் ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லியை எடுத்துக்காட்டியிருக்கிறாய். 1952இல் அவர் ஒளியை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: இடம் முழுக்கப் பரவும் ஒளி, ஒன்றின்மேல் பார்வையை நிறுத்தும் ஒளி, மினுங்கி மனசைக் கிளர்த்தும் ஒளி. உன் வயதில் அவரைத் தேடிப் படித்திருக்கிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதை வைத்துக்கொண்டு நீ செய்தது என்ன? பரவும் ஒளிக்கு ஹாலில் பன்னிரண்டு டவுன்லைட். பார்வையை நிறுத்த மூன்று ஸ்பாட். மினுங்கலுக்கு ஒரு ப்ரொஃபைல் கோடு. எல்லாம் ஒரே சீலிங்கில், ஒரே ஒன்பதடி உயரத்தில், ஒரே திசையில் கீழே பார்க்கின்றன. பெயர்தான் மூன்று. ஒளி ஒன்றுதான்.

விளக்குகளைக் கலப்பது என்றால் கடையில் நாலு வகை ஃபிட்டிங் வாங்கிக் கலப்பது இல்லை. உயரத்தைக் கலக்க வேண்டும், திசையைக் கலக்க வேண்டும். கெல்லி, கட்டிடக் கலைஞர் பிலிப் ஜான்சனின் கண்ணாடி வீட்டுக்கு விளக்கமைத்தபோது அவருக்கு வந்த சிக்கலை நினைத்துப் பார். சுவர் முழுக்கக் கண்ணாடி. இரவில் உள்ளே விளக்குப் போட்டால், உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. தன் முகமும் தன் விளக்கும்தான் திரும்பித் தெரியும். அவர் வெளியே நின்ற மரங்களுக்கு விளக்கு வைத்தார். வீட்டுக்குள் நாற்காலியில் இருக்கிறவரின் கண்ணிலிருந்து யோசித்ததால்தான் தோட்டத்துக்குப் போனார். நீ வரைபடத்துக்கு மேலே நின்று குனிந்து பார்த்திருக்கிறாய். அங்கே யாரும் குடியில்லை.

அந்த வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தாயா? பெரியவர் சாயங்காலமானால் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். அவர் கண் நேராகப் பார்ப்பது உன் டவுன்லைட்டின் வாய்க்குள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார். குனிந்தால் பளபளவென்று தேய்ந்த ஆத்தங்குடிக் கல்லில் பன்னிரண்டு விளக்கும் பன்னிரண்டு புள்ளியாக எதிரொளிக்கின்றன. மேலே பார்த்தாலும் கூசுகிறது, கீழே பார்த்தாலும் கூசுகிறது. இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இருபது வயதுக்காரர் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. லென்ஸ் மஞ்சளிக்கிறது, கண்பாப்பா சுருங்குகிறது. புரை தொடங்கியிருந்தால் உள்ளே போகும் ஒளியும் சிதறுகிறது. ஆகவே முதியவர்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், கூச்சம் குறைவாக வேண்டும். சீலிங்கிலிருந்து குத்துகிற விளக்கால் இந்த இரண்டையும் ஒருசேரத் தர முடியாது.

சுவரால் முடியும். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறேன்: சுவருக்கு விளக்குப் போடு. நின்றாலும் உட்கார்ந்தாலும் மனிதர் கண்ணெதிரே இருப்பது சுவர். அது ஒளிர்ந்தால் அறை வெளிச்சமாக இருக்கிறது என்று மனம் சொல்லும். அது இருண்டு கிடந்தால் தரையில் 200 லக்ஸ் இருந்தாலும் “என்னமோ மங்கலா இருக்குங்க” என்பார்கள், நீயும் இன்னும் நாலு டவுன்லைட் சேர்ப்பாய். அந்த ஹாலில் செட்டிநாட்டு முட்டைப்பூச்சை நகலெடுத்து, கையால் தேய்த்து மெருகேற்றிய வெள்ளைச் சுவர் இருபதடி நீளத்துக்கு ஓடுகிறது. அதைவிடப் பெரிய விளக்கு உனக்கு எங்கே கிடைக்கும்? ஒன்பதடி உயரத்துக்குச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, சாய்த்து ஒளி வீசும் விளக்குகளை வரிசையாக வைத்திருந்தால் சுவர் முழுவதும் சீராக நிறைந்து, அங்கிருந்து அறைக்குத் திரும்பியிருக்கும். நீயோ வாசல் பக்கத்துக் கருங்கல் சுவருக்கு அப்படித் தள்ளிவைத்து அதன் கொத்துத் தழும்பையெல்லாம் அழித்துவிட்டு, மெருகுச் சுவருக்கு அரையடியில் ஒட்டிவைத்துக் கொத்தனாரின் ஒவ்வொரு கை மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுத்திருக்கிறாய். இரண்டையும் இடம் மாற்று. கல்லுக்கு ஒட்டி உரசும் ஒளி, மெருகுக்குத் தள்ளி நனைக்கும் ஒளி.

நான் தொழில் கற்றது ஒரு வயர்மேனிடம். அப்போது பல வீடுகளுக்கு முதல் தடவையாகக் கரண்டு வந்துகொண்டிருந்தது. தேக்குச் சட்டம் அடித்து அதன்மேல் வயர் ஓட்டுகிற காலம். ஒரு வீட்டுக்கு இரண்டு பாயிண்ட், மிஞ்சினால் நாலு. அதனால் ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்பது பெரிய விஷயம். அவர் வீட்டுத் தலைவரிடம் கேட்கமாட்டார். நேரே அடுப்படிக்குப் போய், “எங்கே உட்கார்ந்து அரிசி பொறுக்குவீங்க? பிள்ளைக எங்கே படிக்கும்?” என்று பெண்களிடம் கேட்பார். அந்த இடத்தில் அவரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். அப்புறம்தான் சுண்ணக்கட்டி எடுத்துக் குறி போடுவார். ஹால் விளக்குக்கு வயரை வேண்டுமென்றே நீளமாக விட்டு ஒரு முடிச்சுப் போட்டுவைப்பார். பரீட்சை வந்தால் முடிச்சை அவிழ்த்து, 40 வாட் பல்பைப் பிள்ளையின் புத்தகத்துக்கு மேலே இறக்கிக்கொள்ளலாம். உள்ளே வெள்ளையும் வெளியே பச்சையுமாக இருக்கும் எனாமல் ஷேடு கண்ணில் ஒளி படாமல் மறைக்கும். அந்த ஒரு பல்புக்கு இரண்டு உயரம் இருந்தது. உன் பதினாறு விளக்குக்கும் ஒரே உயரம்தான்.

டியூப் லைட் வந்தபோது முடிச்சும் போயிற்று, ஷேடும் போயிற்று. சுவரின் உச்சியில் ஒரு பட்டி, அறை முழுக்க ஒரே வெளிச்சம். மக்கள் அதைக் கொண்டாடினார்கள், நியாயமான கொண்டாட்டம்தான். சோக்கின் முனகலைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு உச்சிக்கு ஏறிய விளக்கை நாம் இன்னும் கீழே இறக்கவில்லை. நிற்கும் விளக்கு, மேஜை விளக்கு என்று கடையில் வாங்கிவந்தாலும் செருக இடமில்லை. அறையின் இரண்டு மூலையில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வாசல் சுவிட்சோடு இணைத்த 6 ஆம்ப்ஸ் பிளக் பாயிண்ட் வைத்துக்கொடு. பூச்சு வேலைக்கு முன்னால் சொன்னால் செலவு மிகக் குறைவு. பின்னால் சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை வெளிச்சம் கேட்கிற வாடிக்கையாளரை உன் கட்டுரை இளக்காரமாகப் பேசுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வெயில் காயும் ஊரில் 6500 கெல்வின் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நினைப்பவரின் ரசனை குறைந்ததல்ல. ஆனால் அந்தக் குளிர்ந்த வெள்ளைக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் வெள்ளை ஒளி சாம்பல் பூத்துத் தெரியும் என்று நெதர்லாந்து ஆய்வாளர் குரூய்தாஃப் 1941லேயே எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அவர் வரைந்த கோட்டை அப்படியே ஏற்கவில்லை. என்றாலும் மங்கலான 6500 கெல்வினில் மலர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வேலை செய்யும் இடத்துக்கு வெள்ளையைக் கொடு, ஓய்வெடுக்கும் இடத்துக்கு 2700. ஒரே பார்வையில் இரண்டும் சேர்ந்து விழாமல் பார்த்துக்கொள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இடக்கை மஞ்சளாகவும் வலக்கை நீலமாகவும் இருக்கிறது.

கெல்வினைவிட எனக்கு முக்கியம் சிவப்பு. நீ வாங்கியிருக்கும் விளக்குகளின் பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருக்கிறது. அந்த எண், எட்டு வெளிறிய நிறங்களை விளக்கு எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதன் சராசரி. அடர்சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை; ஆர்9 என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நீல எல்இடியின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை ஒளி உண்டாக்குகிறார்கள். மலிவானவற்றில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவாகவே வருகிறது. பட்டுப்புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்க்கும் பெண்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். குங்குமம், ஆத்தங்குடிச் சிவப்பு, பர்மாத் தேக்கு, மனிதத் தோல் எல்லாம் உயிர் பெறுவது அந்தச் சிவப்பால். பூஜை அறை, கண்ணாடி முன், சாப்பாட்டு மேஜை ஆகிய மூன்று இடத்துக்காவது சிஆர்ஐ 90, ஆர்9 ஐம்பதுக்குக் குறையாமல் வாங்கு. மற்ற இடங்களுக்கு 80 போதும்.

இனி, பாராட்டி நான் எழுந்து நின்று பார்த்த இரண்டு இடங்கள். ஒன்று, அடுப்படி. மேல் அலமாரியின் அடியில், சுவரை ஒட்டாமல், முன் விளிம்புக்குப் பக்கத்தில் ஸ்ட்ரிப்பை மறைத்து வைத்திருக்கிறாய். அரிவாள்மனையை மேடைமேல் வைத்துக் காய் நறுக்குகிறவரின் நிழல் அவர் கைமேல் விழவில்லை. கண்ணுக்கு ஸ்ட்ரிப் தெரியவில்லை, கிரானைட்டிலும் அதன் புள்ளிகள் மின்னவில்லை. அனுபவசாலிகள் பலர் கோட்டைவிடும் இடம் அது.

இன்னொன்று, படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் வழி. தரையிலிருந்து முக்காலடி உயரத்தில், மறைப்பு வைத்து, ஒரு வாட்டுக்கும் குறைந்த இரண்டு ஆம்பர் விளக்கு. ராத்திரி அந்த வழியாக நானும் நடந்து பார்த்தேன். கண் கூசவில்லை, கால் தடுமாறவில்லை, படி தெரிந்தது. முந்தைய தலைமுறை இதற்கு ஜீரோ வாட் பல்பைத்தான் நம்பியிருந்தது. பெயர் ஜீரோ என்றாலும் அது 15 வாட் வரை இழுத்தது, படுத்திருப்பவர் கண்ணிலும் அடித்தது. இரவில் நீல ஒளி தூக்க ஹார்மோனான மெலடோனினை அடக்குகிறது என்று 2001 வாக்கில் ஆய்வாளர்கள் காட்டிவிட்ட பிறகும், குளியலறை வழியில் 6500 கெல்வினை வைத்துக்கொண்டேதான் இருக்கிறோம். நீ வைக்கவில்லை. அந்த இரண்டு விளக்கைப் போல அன்பான வேலையை இந்தத் தொழிலில் நான் பார்த்து வெகுநாளாகிறது. அதை வைத்தவனுக்கு எழுபது வயதுக்காரரின் நடை தெரிந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் சுவரைத் தடவிக்கொண்டு போவதை அவன் மனசுக்குள் பார்த்திருக்கிறான். அதே கண் ஹாலுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். ஹாலைத்தான் போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த வீட்டுக்கு வரைபடம் போடும்போது சீலிங் படத்தை முதலில் போடாதே. வெட்டுப்படம் போடு, அதில் சாய்வு நாற்காலியை வரை, தரையில் உட்கார்ந்தவரை வரை, கட்டிலில் மல்லாந்து படுத்தவரையும் வரை. அவரவர் கண்ணிலிருந்து கோடு இழுத்து, எந்த விளக்கின் வாய் தெரிகிறது என்று பார்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த நான்கு டவுன்லைட்டையும் கழற்றிச் சுவர்ப்பக்கம் நகர்த்த ஓர் எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் ஆகும். பழைய துளைகளை அடைத்துப் பெயின்ட் அடிக்க இன்னொரு அரைநாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், குறை சொல்லி உனக்குப் போன் செய்யமாட்டார். நீயாகப் போ. அந்த அம்மா கண் டாக்டரிடம் போவதற்குள் போய் மாற்றிக்கொடு.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்