பானை குட்டி போட்ட கதை

துருக்கியின் அக்ஷெஹிர் நகரில் முல்லா நஸ்ருத்தீனின் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது வழக்கு. கல்லிலோ ஹிஜ்ரி 386 என்று வெட்டப்பட்டுள்ளது. எண்ணைத் திருப்பி 683 என்று வாசித்தால்தான் கணக்குச் சரியாகிறது. கல்லறையிலும் உண்மையை நேராகச் சொல்லாத மனிதர்!

அவரது கதைகளைச் சிறுவர் பகுதியோடு நாம் முடித்துவிடுகிறோம். எனக்கோ அவை மனிதர்மேல் பெரிய நம்பிக்கை இல்லாத ஒருவர் சொன்னவையாகவே படுகின்றன. பானைக் கதையைப் பாருங்கள்.

முல்லா அயல் வீட்டில் பெரிய பானையொன்றை இரவல் வாங்குகிறார். திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு சின்னப் பானையும் இருக்கிறது. "உங்கள் பானை குட்டி போட்டது" என்கிறார். அயலவர் சந்தோஷமாக இரண்டையும் வாங்கி வைக்கிறார். மறுபடியும் பானை இரவல் போகிறது. இம்முறை திரும்பவில்லை.

"மௌத்தாகிவிட்டது."

"பானை எப்படி மௌத்தாகும்?"

"குட்டி போட்டதை நம்பினீர்களே!"

முல்லாவின் கெட்டித்தனத்துக்குச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் என்னை யோசிக்க வைத்தவர் அயலவர்தான். அவர் முட்டாள் அல்ல. பானை குட்டி போடாது என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். அன்று அவர் அதை நம்பியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்காமல் இருந்தார், அவ்வளவுதான். நட்டம் வந்த அன்றுதான் அறிவை வெளியே எடுத்தார்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டில் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை கலந்ததாகக் கதை பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதனையில் அது மாவுக்கட்டி என்று தெரிந்தது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. நம்மை வெறுக்க விரும்பியவர்களுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. இதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். நட்டம் நம்முடையதல்லவா?

சரி, நமக்கு இலாபமான கதை வந்தால்? நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்கு சத்தம் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது நம் வீடுகளில் பழகிய கதை. அங்கே காற்றில்லை, ஒலி பரவாது என்பது சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரியும். ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் வரும் செய்தியை விசாரிக்கச் சொல்கிறது. இனிப்பான செய்தியென்றால் விட்டுவிடலாம் என்று அதில் இல்லை. ஆம்ஸ்ட்ரோங்கே மறுத்தார். 1983இல் அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களமும் முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அந்த மறுப்பை அனுப்பி வைத்தது.

போன றமழானில் அந்தச் செய்தி எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு மறுபடி வந்தது. கீழே பதினொரு "மாஷா அல்லாஹ்".