திரைப்பட விமானங்களும் வரலாற்று மெய்ம்மையும்: மாற்றுரு, குறியீடு, இடைச்செருகல்

ஆய்வுச் சுருக்கம்

போர்த் திரைப்படங்களில் காட்டப்பெறும் விமானங்களுள் பல, அவை குறிக்கும் விமானங்கள் அல்ல. இவ்வேறுபாடுகள் அனைத்தையும் பிழை என்னும் ஒரு சொல்லுள் அடக்குவது பொருந்தாது. இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட திரைப்படங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, இவ்வேறுபாடுகளை மாற்றுரு, குறியீடு, இடைச்செருகல் என மூவகையாகப் பகுக்கலாம் என்பதும், அவற்றுள் மூன்றாவதே வரலாற்றறிவுக்குப் பெரிதும் ஊறு செய்வது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

திறவுச்சொற்கள்: திரைப்படம், விமானம், நாடக வழக்கு, உலகியல் வழக்கு, மாற்றுரு, இடைச்செருகல், காட்சிச் சான்று.

முன்னுரை

உள்ளதை உள்ளவாறு கூறுதல் உலகியல் வழக்கு. நிகழ்ந்தவற்றுள் சுவை பயப்பனவற்றைத் திரட்டி ஒருங்கே அமைத்தல் நாடக வழக்கு. இவ்விரண்டும் கூடியதே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. திரைப்படத்தையும் ஒரு பனுவலாகக் கொண்டு ஆராய்வோர்க்கு இப்பாகுபாடு இன்றும் பயன்படுகிறது. எனினும் அகப்பாடலின் தலைவன் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளாதவன். போர்த் திரைப்படமோ நாளையும் இடத்தையும் பெயரையும் சுட்டியே தொடங்குகிறது. எனவே அதில் இடம்பெறும் பொருள்கள் மெய்யா என வினவும் உரிமை பார்வையாளர்க்கு உண்டு.

அவ்வினாவை எழுப்புவதற்கு விமானம் தக்கதொரு பொருள். ஆடையும் அணியும் போலன்றி, ஒவ்வொரு விமானத்திற்கும் உருவான ஆண்டு, பொறியின் வகை, பயன்பட்ட களம் ஆகியவை ஆவணங்களில் பதிவாகியுள்ளன. ஆகவே திரையில் தோன்றுவது எது, அது எதைக் குறிக்கிறது என்பதை ஐயமின்றித் துணிய இயலும்.

1. மாற்றுரு

மூல விமானம் கிடைக்காதவிடத்து, அதனை ஒத்த பிறிதொன்றைப் பயன்படுத்துவது மாற்றுரு. கை ஹாமில்டன் இயக்கிய ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ (1969) இதற்குச் சிறந்த சான்று. 1940இல் பிரிட்டன் வானில் போரிட்ட ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 வகை விமானங்கள் படப்பிடிப்புக்குப் போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. அவ்வகையைத் தழுவி ஸ்பெயின் நாட்டில் உருவாக்கப்பட்ட ‘புச்சோன்’ விமானங்களே அவற்றுக்கு மாற்றாகப் பறந்தன.

இம்மாற்றுருவில் ஒரு முரண் பொதிந்துள்ளது. போர்க்காலத்து மெஸ்ஸர்ஷ்மிட்டை இயக்கியது டைம்லர்-பென்ஸ் பொறி. புச்சோனுக்கோ, எதிர்த்தரப்பின் ஸ்பிட்ஃபயர் விமானத்தை இயக்கிய ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் பொறியே பொருத்தப்பட்டிருந்தது. திரையில் பகைவர் இருவராயினும் அவர்தம் விமானங்களின் பொறி ஒரு குலத்தது. உருவத்திலும் இவ்வேறுபாடு புலனாகிறது. தலைகீழாக அமைந்த டைம்லர்-பென்ஸ் பொறியின் புகைபோக்கிகள் மூக்குப் பகுதியின் கீழ்ப்புறம் இருந்தன. புச்சோனில் அவை மேற்புறம் உள்ளன. 1940இல் பறந்ததற்குச் சுழலியில் மூன்று அலகுகள், புச்சோனுக்கு நான்கு. படக்குழுவினர் இதனை அறியாதவர் அல்லர். 1940ஆம் ஆண்டு வடிவத்தை நெருங்குவதற்காக, வளைந்திருந்த இறக்கை நுனிகளைக் குறைத்தனர். வால் பகுதியில் போலித் தாங்கு கம்பிகளையும் பொருத்தினர்.

‘தோரா! தோரா! தோரா!’ (1970) படத்திலும் இந்நிலையே. ஜப்பானிய ஸீரோ விமானங்கள் 10,000க்கும் மேல் உருவாக்கப்பட்டிருப்பினும் போருக்குப் பின் எஞ்சியவை மிகச் சிலவே. எனவே அமெரிக்கப் பயிற்சி விமானங்களாகிய டெக்ஸான் விமானங்களை உருமாற்றி ஸீரோவாகப் பறக்கவிட்டனர். இங்கு உரு மாற்றப்பட்டதாயினும் வெளிர் சாம்பல் நிறம் மெய்யை ஒட்டியது. இதற்கு மாறாக ‘பேர்ல் ஹார்பர்’ (2001) படத்தில் ஸீரோ விமானங்கள் பச்சை வண்ணத்தில் வருகின்றன. அது போரின் பிற்காலத்துக்குரிய வண்ணம். 1941 திசம்பரில் கப்பலிலிருந்து புறப்பட்ட ஸீரோக்களுக்கு உரியதன்று. முன்னையது இன்மையால் நேர்ந்தது. பின்னையதற்கு அவ்வாறு அமைதி கூற இயலாது. வண்ணம் எவருக்கும் கிடைக்காத பொருளன்று.

2. குறியீடு

உண்மை தெரிந்திருந்தும், காண்போர் வேறுபாடு உணரும்பொருட்டு மாற்றியமைப்பது குறியீடு. கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ (2017) படத்தில் ஜெர்மானிய விமானங்களின் மூக்கு மஞ்சளாகத் தீட்டப்பட்டுள்ளது. டன்கிர்க் மீட்பு 1940 மே 26 முதல் சூன் 4 வரை நிகழ்ந்தது. அவ்விமானங்கள் மஞ்சள் மூக்குப் பெற்றதோ அதற்குப் பின்னரே. விரைந்து மறையும் வான்போர்க் காட்சியில் இன்னார் இத்தரப்பினர் என நொடிப்பொழுதில் உணர்த்த அம்மஞ்சள் வண்ணம் உதவுகிறது. கூத்தில் முகவண்ணம் பாத்திரத்தின் இயல்பை உணர்த்துவதோடு இதனை ஒப்பிடலாம்.

‘டாப் கன்’ (1986) இதனினும் ஒரு படி செல்கிறது. அதில் பகைவர் ஓட்டும் ‘மிக்-28’ என்பது உலகில் இல்லாத போர் விமானம். திரையில் தோன்றுவது கருவண்ணம் பூசிய அமெரிக்க எஃப்-5. மிக் போர் விமானங்கள் ஒற்றைப்படை எண்களால் பெயர் பெறுவது மரபாதலின், 28 என்னும் இரட்டைப்படை எண்ணே அதன் கற்பனைத் தன்மையைக் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் வான்போர்ப் பயிற்சியிலும் எஃப்-5 பகைவர் விமானத்தின் இடத்தில் பறந்ததுண்டு. ஆகவே இதனை வரலாற்றுத் திரிபு என்பதினும் நாடக வழக்கு எனக் கொள்வதே சாலும்.

3. இடைச்செருகல்

மேற்கண்ட இருவகையிலும் காட்சி அப்படத்திற்கென்றே எடுக்கப்பட்டது. மூன்றாம் வகையில் காட்சி பிறிதோரிடத்திலிருந்து கொணரப்படுகிறது. ஆனால் அவ்வாறு வந்தது என்னும் குறிப்பு படத்துள் இல்லை. சுவடியில் பிற்காலத்தார் பாடிச் சேர்த்த செய்யுளை இடைச்செருகல் என்கிறோம். பதிப்பாசிரியர் அதனை அஞ்சுவது அது பிற்காலத்தது என்பதற்காக மட்டுமன்று. மூலத்தோடு கலந்து மூலமாகவே படிக்கப்படும் என்பதற்காகவே.

ஜாக் ஸ்மைட் இயக்கிய ‘மிட்வே’ (1976) இவ்வகைக்கு முதன்மைச் சான்று. 1942 சூன் மாதம் நிகழ்ந்த கடற்போரைக் கூறும் இப்படத்தில் போர்க்காலத்து மெய்ப்பதிவுகள் உள்ளன. அவற்றோடு ‘தோரா! தோரா! தோரா!’ படத்தின் காட்சிகளும் கலந்துள்ளன. தொடக்கத்தில் வரும் டோக்கியோ தாக்குதல் 1944ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றிலிருந்து எடுத்தாளப்பட்டது. நடிப்பும் நிகழ்வும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; இரண்டையும் பிரிக்கும் கோடு திரையில் இல்லை.

இப்படத்தின் இறுதியில் கதைத்தலைவன் கப்பலில் இறங்க முயன்று விபத்துக்குள்ளாகி உயிர் துறக்கிறான். அங்குக் காட்டப்பெறும் விபத்தில் நொறுங்குவது எஃப்9எஃப் பாந்தர் என்னும் ஜெட் விமானம். 1942இல் எந்தக் கப்பலின் தளத்திலும் ஜெட் விமானம் இருந்ததில்லை. அப்பதிவு 1951 சூன் 23 அன்று நிகழ்ந்த மெய்யான விபத்தினுடையது. விமானம் தளத்தின் பின்விளிம்பில் மோதி உடைந்து தீப்பற்ற, முன்பகுதி மட்டும் தனியே உருண்டது. விமானி உயிர் பிழைத்தார். அவ்விபத்து நேர்ந்த கப்பலின் பெயரும் ‘மிட்வே’ என்பதே. 1942ஆம் ஆண்டுப் போரின் நினைவாகப் பெயரிடப்பெற்ற அக்கப்பல், அப்போரின்போது கட்டி முடிக்கப்பட்டிருக்கவில்லை.

இதே பதிவு கொரியப் போரைப் பற்றிய ‘மென் ஆஃப் த ஃபைட்டிங் லேடி’ (1954) படத்திலும், ‘த ஹண்ட் ஃபார் ரெட் அக்டோபர்’ (1990) படத்திலும் இடம்பெற்றது. முதற்படத்தில் அது பாந்தராகவே வருகிறது. இறுதிப் படத்தில் எஃப்-14 ஆகிறது. உலகியலில் ஒரு நாள், ஒரு மனிதர், ஒரு விமானம். திரையிலோ அது மூன்று காலங்களுக்கு உரியதாகிவிட்டது. பிழைத்த மனிதரின் விபத்து இறந்தவன் ஒருவனின் சாவாகவும் காட்டப்பட்டுவிட்டது.

4. மதிப்பீட்டு நெறி

மூவகையையும் ஒப்புநோக்கின், ஊறு விளைவது வடிவ வேறுபாட்டின் அளவால் அன்று என்பது தெளிவாகும். மிக்-28 முற்றிலும் பொய். ஆயினும் அதனால் வரலாறு சிதைவதில்லை. மிட்வேயின் இறுதி விபத்து முற்றிலும் மெய். அம்மெய்ம்மையே அதன் இடமும் காலமும் மறைவதற்குத் துணைபோகிறது. எரியும் விமானத்தைக் காண்பவர் அது நடிப்பன்று என உணர்கிறார்; ஆகவே 1942இல் நிகழ்ந்தது எனவும் நம்பத் தலைப்படுகிறார்.

எனவே காட்சிச் சான்றை ஆராய்வோர் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்புதல் வேண்டும்.

அ) இவ்விமானம் கதையில் எதைக் குறிக்கிறது?
ஆ) புகைபோக்கியின் இடம், சுழலி அலகின் எண்ணிக்கை, பொறியின் வகை ஆகியவற்றால் இது உண்மையில் எது?
இ) இக்காட்சி எப்பொழுது, எதன்பொருட்டுப் பதிவு செய்யப்பட்டது?

முதலிரு வினாக்களோடு நின்றுவிடும் ஆய்வு பிழைகளின் பட்டியலாகவே முடியும். மூன்றாவது வினாவே காட்சியின் வழிவரவை வெளிக்கொணரும். சுவடியின் வழிவரவை அறியாமல் பாடத்தை உறுதி செய்ய இயலாதவாறு போன்றது இது.

முடிவுரை

திரைப்பட விமானங்களின் வேறுபாடுகளுள் மாற்றுரு பொருளின் இன்மையால் எழுவது. குறியீடு நாடக வழக்கின் பாற்பட்டது. இடைச்செருகல் காட்சியின் பிறப்பிடத்தை மறைப்பது. முதலிரண்டையும் அவ்வவற்றின் நோக்கம் கொண்டு மதிப்பிடலாம். மூன்றாவதன்கண், மூலப் பதிவின் நாளையும் இடத்தையும் மீட்டுரைத்தல் ஆய்வாளரின் கடமையாகிறது. போரில் பங்கேற்ற தலைமுறையினர் பெரும்பாலும் மறைந்துவிட்ட இக்காலத்தில், வருந்தலைமுறையினர் அப்போரைக் கண்ணால் அறியும் வழி இத்தகைய காட்சிகளே. அவற்றுள் எவை நிகழ்ந்தவை, எவை நிகழ்த்திக் காட்டப்பட்டவை, எவை இடம்பெயர்ந்து வந்தவை எனப் பிரித்தறிந்து குறித்து வைக்கும் பணி, அக்காட்சிகளைச் சான்றாக எடுத்தாளும் ஒவ்வோர் ஆய்விலும் முதற்படியாக அமைதல் வேண்டும்.