அடுப்படியில் மிச்சமாகும் காசு

கேள்வி: நாலு பேர் உள்ள வீட்டில் கேஸ் சிலிண்டர் மாதக் கடைசி வரை வருவதில்லை. சமையலைக் குறைக்காமல் கேஸை மிச்சப்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு, வழி அடுப்புத் திருகிலேயே இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்குமேல் தீயைக் கூட்டினால் ஆவிதான் பெருகும், பருப்பு சீக்கிரம் வேகாது. எனவே கொதி வந்ததும் மூடியைப் போட்டு, தீயைச் சிம்மில் வைப்பதே முதல் சிக்கனம்.

குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். அடுக்குப் பாத்திரங்களில் சோறு, பருப்பு, காய் மூன்றும் ஒரே தீயில் முடியும். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீ போதும். அடுத்தடுத்த விசில்களில் பறப்பது காசு கொடுத்து உண்டாக்கிய ஆவி. கொண்டைக்கடலையும் மொச்சையும் முதல்நாள் இரவே ஊறினால் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும்.

தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி விளிம்பில் ஏறினால் சூடாவது சமையலறைதான். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பெரும்பாலும் பர்னர் துளைகள் அடைத்திருக்கும். அடுப்பு ஆறியபின் ஊசியால் குத்திக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பொருத்தினால் சரியாகும். ஃபிரிஜ்ஜில் இருக்கும் மாவு, குழம்பு போன்றவற்றைச் சற்று முன்பே வெளியே எடுத்து வைப்பதும் கேஸைக் காக்கும்.