ஜெர்மானியம் – ஒரு சொல்லாய்வு

ஆங்கிலம் ஒரு ஜெர்மானிய மொழி என்றதும், அது ஜெர்மன் மொழியிலிருந்து பிறந்ததோ என்னும் ஐயம் மாணவர் பலருக்கு எழுகிறது. அவ்வாறன்று. ஜெர்மன் என்பது ஒரு மொழி. ஜெர்மானியம் என்பது ஒரு மொழிக்குடும்பம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ், ஐஸ்லாந்திக் ஆகியவை அதன் உடன்பிறப்புகள்.

இவ்வுறவை அறிவது எங்ஙனம்? 1822இல் ஜேக்கப் கிரிம் ஒலிமாற்ற விதியொன்றை விளக்கினார். இலத்தீனில் தந்தையைக் குறிக்கும் 'பாட்டர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. கொம்பைக் குறிக்கும் 'கோர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. இத்தகைய ஒழுங்கான திரிபே இக்குடும்பத்தின் அடையாளமாகும்.

இனி, மக்களை நோக்குவோம். ரைன் ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பல குடிகளைக் கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் 'ஜெர்மானி' என ஒரே பெயரால் சுட்டினார். கி.பி. 98 அளவில் டாசிட்டஸ் அவர்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். ஜெர்மன் நாட்டினரோ தம்மை 'டாய்ச்' என்றே அழைத்துக்கொள்கின்றனர்.

மொழி வேறு, குருதி வேறு. ஜெர்மானிய மொழி பேசிய ஃபிராங்குகள் கால் நாட்டில் குடியேறி, காலப்போக்கில் இலத்தீன்வழி மொழியை ஏற்றனர். பிரான்சு என்னும் நாட்டின் பெயர் அவர்களால் வந்ததே. ஆனால், பிரெஞ்சு ஜெர்மானிய மொழியன்று.

இவ்வேறுபாட்டை மறுத்து, ஆரியம், ஜெர்மானியம் என்னும் பெயர்களை இரத்தத்தின் பெயர்களாக்கிய நாஜி ஆட்சி, ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது. ஒரு சொல்லின் பொருளைத் திரிப்பது எத்துணைக் கேடு தரும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?